எட்டு அங்குல ஆடியின் கடைசி விண்மீன்

13 பிப்ரவரி 2026, வெள்ளி

200 மி.மீ. ஆடி கொண்ட, கையால் திருப்பும் என்னுடைய டாப்சோனியன் தொலைநோக்கியில் தெரியக்கூடிய மிக மங்கலான விண்மீன் எது என்பதை இந்த அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அளந்துவிடுவதென்று, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அருகே நண்பரின் கொல்லைமேட்டில் கருவியை இறக்கியிருக்கிறேன். பழைய நூல்கள் இதற்கு வட துருவ வரிசையைப் பரிந்துரைக்கின்றன. ஹென்ரியெட்டா லெவிட் ஹார்வர்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒளியளந்த அந்த 96 விண்மீன்கள் ஐரோப்பியருக்கு வசதியானவை. நமக்கோ துருவம் அடிவானிலிருந்து பன்னிரண்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது, அங்கிருந்து வரும் ஒளி உச்சியிலிருந்து வருவதைக் காட்டிலும் ஏறத்தாழ நாலரை மடங்கு காற்றைக் கடந்தாக வேண்டும். ஆகவே கடக ராசியிலுள்ள எம்67 விண்மீன் கொத்தைத் தேர்ந்தேன். நள்ளிரவுக்கு அரை மணி முன்பு அது நம் தலைக்கு நேர்மேலே, உச்சியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் கடந்து செல்கிறது.

காற்று குறைவு என்பதற்காக உச்சியைத் தேர்ந்தால் டாப்சோனியன் அங்கேதான் முரண்டு பிடிக்கும். நேர்மேலே நோக்கிய குழாயைப் பக்கவாட்டில் திருப்பப் பிடிமானமே கிடைப்பதில்லை. பூசத்தில் தொடங்கி அதே ராசியின் ஆல்ஃபா கான்கிரி விண்மீனுக்கு வந்து, அதற்கு மேற்கே இரண்டு பாகைக்குள் கொத்தைப் பிடிப்பதற்கே இன்று அரை மணி நேரம் போயிற்று.

14 பிப்ரவரி, சனி

வானம் தெளிவு. வெறுங்கண்ணுக்குப் பொலிவெண் 6.0 வரை தெரிந்தது (இந்த எண் கூடக்கூட விண்மீன் மங்கல்). 7 மி.மீ. விரிந்த கண்பாவையோடு ஒப்பிட்டால் என் ஆடி 800 மடங்குக்குச் சற்று மேல் ஒளி திரட்டுகிறது. பொலிவெண் கணக்கில் அது 7.3, ஆக எல்லை 13.3. ஆனால் ஐம்பதைத் தாண்டிய என் பாவை ஐந்தரை மி.மீ.க்கு மேல் விரியாது என்று வைத்துக்கொண்டால், அதே சூத்திரம் எல்லையை 13.8 என்று காட்டுகிறது. முதுமைக்குப் பரிசளிக்கும் சூத்திரத்தை நம்புவதற்கில்லை.

25 மி.மீ. ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில் (48 மடங்கு உருப்பெருக்கம்), 12.6ஐவிட மங்கலான எதுவும் தெரியவில்லை. 10 மி.மீ. ஐபீஸுக்கு (120 மடங்கு) மாறியதும் பின்னணி வானம் ஆறில் ஒரு பங்காக இருண்டது. விண்மீன்கள் புள்ளிகளாகவே இருந்ததால் அவற்றின் ஒளி அப்படிச் சிதறவில்லை. பொலிவெண் குறித்த விண்மீன் வரைபடத்தில் 134 என்றிருந்த மீன், அதாவது 13.4, தெரிந்தது. (தசமப் புள்ளியையும் விண்மீன் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காக இவ்வகை வரைபடங்களில் அதை விட்டுவிடுவார்கள்.) பிறகு 13.9 கூடத் தெரிந்தது. மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன்.

15 பிப்ரவரி, ஞாயிறு

சிவராத்திரி. அடிவாரத்துக் கோயிலில் விடிய விடியக் குழல்விளக்குகள். வேலை நடக்கவில்லை.

16 பிப்ரவரி, திங்கள்

சனிக்கிழமைக் குறிப்பின் மீது சந்தேகம். அந்த 13.9 மீன் எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்த பிறகுதான் அதைத் தேடினேன். தெரிந்த இடத்தில் கண் தானே ஒரு புள்ளியை வைத்துவிடும். எனவே இன்று வரைபடத்தை வண்டியிலேயே பூட்டிவிட்டு, நாற்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கி, கருந்துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, கொத்தின் ஒரு மூலையை மட்டும் கண்டபடி வரைந்தேன். மங்கலானவற்றை நேராகப் பார்ப்பதில் பயனில்லை, விழித்திரையின் நடுவில் இருட்டுக்குரிய கோல் செல்கள் இல்லை. வலக்கண்ணால் பார்க்கும்போது மீன் மூக்குப் பக்கமாக விழும்படி பார்வையைச் சற்று விலக்க வேண்டும். மறுபக்கம் விலக்கினால் அது குருட்டுப் புள்ளியில் மறையக்கூடும். குழாயை விரலால் மெல்லத் தட்டினால், அசையும் புள்ளி அசையாததைவிட எளிதில் தட்டுப்படுகிறது.

ஐயத்தோடு ஒன்பது புள்ளிகள் வைத்தேன். ஒப்பிட்டதில் ஆறு உண்மை, மூன்று என் கற்பனை. உண்மையானவற்றில் மங்கலானது 13.4. சனிக்கிழமை கண்ட அந்த 13.9 என் ஓவியத்தில் இல்லவே இல்லை, அதை அடித்துவிட்டேன்.

14 மார்ச், சனி

கொத்து இப்போது இரவு ஒன்பதே முக்காலுக்கே உச்சிக்கு வந்துவிடுகிறது. 6 மி.மீ. ஐபீஸ், 200 மடங்கு. இம்முறை நண்பர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டார். நான் புள்ளி இருக்கும் திசையை மட்டும் சொல்ல, அவர் சரி தவறு சொல்லாமல் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு மீனுக்கும் பத்து முறை. 13.4 ஒன்பது முறை, 13.6 ஏழு முறை, 13.8 மூன்று முறை தெரிந்தன.

பொலிவெண்ணில் ஐந்து வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்னும் அளவை 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார். ஓர் அங்குல ஆடிக்கு 9.2 என்று அவர் கொண்ட எல்லையை என் ஆடிக்குப் பெருக்கினால் 13.7 வருகிறது. என் ஏடு 13.6 என்கிறது, பத்துக்கு ஏழு என்ற குறிப்போடு. அவர் பத்துக்கு எத்தனையைப் 'பார்த்தது' என்று கொண்டிருப்பார்?

பதினொன்றரைக்குத் துணை ஆடியில் பனி படிந்தது. மூடிவிட்டேன்.