தீர்ப்புக்காக ஒத்திவைப்பு

ஏப்ரல் 2, 2025, புதன்

நம் பாதையைக் கம்பிவேலி போட்டு மறித்த கேஸில் இன்றும் தீர்ப்பு இல்லை. கோர்ட் செயலியில் அதே இரண்டு சொல்: தீர்ப்புக்காக ஒத்திவைப்பு. வாதம் முடிந்தது மார்ச் 5, இன்றோடு 28 நாள். 30 நாளுக்குள் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் 60 நாள் வரை போகலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருப்பதாக வக்கீல் சார் சொன்னார். காலண்டரில் மே 4ஐ வட்டம் போட்டேன். அது ஞாயிற்றுக்கிழமை, போதாததற்கு மே மாதம் முழுக்க விடுமுறை. அப்படியானால் ஏப்ரல் 30தான் கடைசி.

ஏப்ரல் 3, வியாழன்

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 1ஆம் தேதி கூடிப் பேசித் தங்கள் சொத்து விவரத்தை வெளியிட முடிவு செய்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். போன மாதம் 14ஆம் தேதி ராத்திரி டெல்லியில் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி வீட்டில் தீப்பிடித்ததும், எரிந்த நோட்டுக்கட்டுப் படங்களை உச்ச நீதிமன்றமே தன் இணையதளத்தில் போட்டதும் அவர் மனதில் இருந்து போகவில்லை. விசாரணை நடக்கிறது, இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றேன். "விசாரணை நடக்கட்டும் கண்ணு. நோட்டு எரிஞ்சத நான் பார்த்தாச்சில்ல" என்றார். மாத்திரை போட மறந்துவிட்டார், நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

ஏப்ரல் 5, சனி

பெரியம்மா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஏதோ கல்யாண மண்டபம். முன்வரிசை நாற்காலிகளுக்கு உறை போட்டுப் பின்னால் முடிச்சுக் கட்டியிருக்கிறது. அதில் நம்ம ஜட்ஜ். கறுப்புக் கோட்டு இல்லாமல் வெள்ளைச் சட்டையில் பார்த்ததால் முதலில் அடையாளமே தெரியவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி நம் எதிராளி, கட்சிக் கரை வேட்டி, கையில் ரோஸ்மில்க் டம்ளர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, மேடையைப் பார்க்கிறார்கள். கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "கேஸ் முடிஞ்சுதுக்கா."

அப்பாவிடம் காட்டவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரிதாக்கிப் பார்த்தேன். இருவருக்கும் நடுவில் ஒரு பாட்டி, மடியில் தாம்பூலப் பை. நான்கு முறை பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பள்ளியில் மதியம் முழுக்க இதே பேச்சு. ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, முழு நீதி கிடைக்க எந்த உத்தரவும் போடலாம் என்கிற அரசமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி. கணக்கு டீச்சர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். நூலகர் எடுத்துக்கொள்ளவில்லை, "போன வாரம் வரைக்கும் இதே கோர்ட்டைத்தானே நீங்க திட்டினீங்க" என்றார். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேதான் அவர் சொன்னதையும் கேட்டேன், கேட்டபின் இனிப்பு தெரியவில்லை.

சாயங்காலம் அப்பாதான் சொன்னார், இன்றைக்கு எட்டு என்று. சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுத்த அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2019 ஏப்ரல் 8. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது 2020 டிசம்பர் 8. இப்போது இது. அப்பாவுக்கு எட்டு ராசியா இல்லையா என்பதே தீராத கணக்கு.

2019இல் குப்பனூரில் பெரியம்மா வீட்டு வாசலில் வெடி வெடித்தார்கள். 277 கிலோமீட்டர் சாலை, அதில் அவர்கள் கிணறும் தென்னந்தோப்பும். அளவுக்கல் நட்ட இடத்தில் பெரியம்மா கற்பூரம் ஏற்றி இரண்டு நீதிபதிகள் பேரையும் சொல்லிக் கும்பிட்டார். அப்போதே டவுனில் வேறு பேச்சு, தேர்தலுக்குச் சரியாகப் பத்து நாள் முன்னால் இந்தத் தீர்ப்பு ஏன் வருகிறது, வழக்கு போட்டவர்களில் கட்சிக்காரர்களும் உண்டே என்று. பெரியம்மா காதில் அது ஏறவில்லை. அடுத்த வருடம் டிசம்பரில் அதே பெரியம்மா, அதே வாசலில் உட்கார்ந்து, "மேல போனா எல்லாரும் அவங்க ஆளுங்கதான்" என்று அழுதார். நானும் ஆமாம் என்றேன், ஒரு பக்கம்கூடப் படிக்காமல்.

பிறகு ஒரு நாள் வக்கீல் சாரின் ஜூனியர் பொண்ணு அந்தத் தீர்ப்பை விளக்கினாள். சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அறிவிப்புக்கு முன்னால் வேண்டியதில்லை, வேலை தொடங்குவதற்கு முன்னால் வாங்கினால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நிலம் எடுத்து முடிக்கும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பேர் மாற்றியது தப்பு என்பதில் மேலே இருந்தவர்களும் கீழே சொன்னதையே சொன்னார்கள். பெரியம்மாவுக்கு அதுதான் முக்கியம், பட்டாவில் அவர் பேர் இருப்பது. யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சாலை இன்னும் வரவில்லை. பெரியம்மா கோர்ட் என்ற சொல் வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

ஏப்ரல் 9, புதன்

தூக்கமில்லை. அந்த நாற்காலி.

ஏப்ரல் 11, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். நம் கேஸ் இல்லை. சும்மா பின்பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்ப்பது என்று போனேன்.

ஒரு அம்மா கூண்டில் நின்றார், எழுபது இருக்கும். சாட்சியம் முடிந்து கைநாட்டு வைக்க வேண்டிய நேரம். ஜட்ஜ் தட்டச்சு செய்த தாளை வாங்கி, தமிழில் தானே வரிவரியாக வாசித்துக் காட்டினார். "நீங்க சொன்னது இதானேம்மா?" என்று ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினார். ஒரு இடத்தில் அந்த அம்மா, "எங்கூட்டுக்காரர் போனது ஆடியிலங்க, ஆவணியில இல்ல" என்றார். வக்கீல்கள் இருவரும் அது பெரிய விஷயமில்லை என்பதுபோல் கையசைத்தார்கள். ஜட்ஜ் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, மறுபடி அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பத்து நிமிடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் வேறொரு கேஸில் எழுந்து வாய்தா கேட்டார். ஒரு கேள்வி இல்லாமல் கொடுத்தார். ஜனவரியில் நம் வக்கீல் சார் கேட்டபோது 500 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொன்னவர் இவர்தான். வேறு காரணம் இருக்கலாம். அந்தக் கேஸ்கட்டில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும். ஆனால் பஸ்ஸில் கன்னங்குறிச்சி வரும் வரைக்கும் ஆடி மாதம் ஒரு தட்டிலும் 500 ரூபாய் ஒரு தட்டிலுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. அப்பா பஞ்சாங்கத்தில் தன் ராசிக்கு வழக்கில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தார். என்ன போட்டிருந்தது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

துணை ஜனாதிபதி பேசியிருக்கிறார், 142ஆவது பிரிவு ஜனநாயகத்துக்கு எதிரான அணு ஏவுகணை ஆகிவிட்டது என்று. வக்கீல் சார் ஆபீஸில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாறுதல் பட்டியல் எந்த நாளும் வரலாம் என்றார் அவர். தீர்ப்பு சொல்லாமல் ஜட்ஜ் மாறிப் போனால் புது ஜட்ஜ் முன்னால் வாதம் மறுபடி முதலிலிருந்து. 2014இல் போட்ட கேஸ். பாதை 12 அடி, அதில் கம்பிவேலி போட்டுப் பதினோரு வருடம்.

மாறுதலைக் கட்சி ஆட்கள் செய்வார்களா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கீழ்க்கோர்ட் நீதிபதிகளின் மாறுதல், பதவி உயர்வு எல்லாம் உயர் நீதிமன்றத்தின் கையில், அரசமைப்பில் 235ஆவது பிரிவு, மந்திரி நினைத்தால் முடியாது என்றார். அப்புறம் கிருஷ்ணய்யர் கதை சொன்னார். 1957இல் கேரளத்தில் மந்திரி, 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1975 ஜூன் 24, இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு அவர்தான் நிபந்தனையோடு தடை கொடுத்தார், பிரதமராக இருக்கலாம், லோக்சபாவில் ஓட்டுப் போடக்கூடாது என்று. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி. "மந்திரியா இருந்தவர் நீதிபதியானதைப் பத்தி இன்னிக்கு நாம நல்லதாத்தான் பேசறோம். நீதிபதியா இருந்துட்டு அப்புறம் பதவிக்குப் போறாங்களே, அதுதான்மா எனக்கு உறுத்துது" என்றார்.

எனக்கும் அதுதான். நம்ம பவானிப் பக்கத்துக்காரர் சதாசிவம் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்றது 2014 ஏப்ரல், செப்டம்பரில் கேரள கவர்னர். இன்னொரு தலைமை நீதிபதி கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு, அடுத்த மார்ச்சில் ராஜ்யசபாவுக்கு நியமனம். கொல்கத்தாவில் ஒருவர் 2024 மார்ச்சில் நீதிபதி வேலையை விட்டுவிட்டு அதே மாதம் கட்சியில் சேர்ந்து எம்பியே ஆகிவிட்டார். அவர்கள் எழுதிய தீர்ப்புகள் எல்லாம் நேர்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதில் தோற்றவன் இனி ராத்திரி என்ன நினைத்துக்கொண்டு படுப்பான்? ஓய்வுக்குப் பின் சில வருடம் எந்தப் பதவியும் கிடையாது என்று ஒரு சட்டம் போடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கிளம்பும்போது வக்கீல் சார் போனில் யாரிடமோ, "என் கட்சிக்காரர் இங்கதான் இருக்காங்க" என்றார். என்னைத்தான். பதினோரு வருடமாகக் கேட்கிற சொல், இன்றைக்குத் திடுக்கென்றது.

ஏப்ரல் 19, சனி

நாம் ஜெயித்தால் அந்தப் படத்தை என்ன செய்வேன்? இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜெயித்தால் அழித்துவிடுவேன், தோற்றால் அனுப்பிக்கொண்டே இருப்பேன். அப்படியென்றால் அந்தப் படத்தில் எதுவும் இல்லை, எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. இல்லை, இதுவும் சரியில்லை. இரண்டு நாற்காலி உண்மைதானே. நான் ஜெயித்தாலும் அது இரண்டு நாற்காலிதானே.

ஏப்ரல் 20, ஞாயிறு

அழிக்கவில்லை. யாருக்கும் அனுப்பவும் இல்லை. படம் அனுப்பிய தம்பியிடம், இதை க்ரூப்பில் போடாதே, தீர்ப்பு வரட்டும், சர்டிஃபைடு காப்பி வாங்கி ஒரு வரி விடாமல் படிப்போம், நம் சர்வே ஆவணத்தைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார், இடத்தைப் பார்க்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கையை ஏன் ஏற்றார் அல்லது ஏன் தள்ளினார் என்று பார்ப்போம், அதில் காரணமே இல்லாவிட்டால் அப்போது நானே உன்னோடு சேர்ந்து சத்தம் போடுகிறேன் என்று ஒரு நீண்ட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நீலக் குறி வந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

அப்பாவிடம் காட்டிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பத்திரிகை வெச்சிருப்பாங்க, போகாம எப்படி இருக்க முடியும். போகட்டும். ஆனா நம்ம பேரு அவர் மேசையில இருக்கறப்ப பத்து வரிசை தள்ளி உக்காந்திருக்கலாம்" என்றார். ஜூனியர் பொண்ணும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாள். 1997இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே கூடித் தங்களுக்கென்று எழுதி வைத்த நெறிமுறைகளில், பதவிக்கு ஏற்ற அளவு விலகி இருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டாம். அப்பாவின் பத்து வரிசை.

ஏப்ரல் 25, வெள்ளி

மாறுதல் பட்டியல் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். வரவில்லை. வயிறு சரியில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

1976இல் இதே தேதியில்தான், எமர்ஜென்சியில் பிடித்துப் போனவர்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று ஐந்து பேரில் நான்கு நீதிபதிகள் சொன்னது. எச்.ஆர். கன்னா மட்டும் முடியும் என்று எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது, ராஜினாமா செய்தார். போகும் என்று தெரிந்தும் எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். "அவருக்குக் குழந்தைங்க இருந்துதா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாளைய பட்டியலில் இருக்கிறது. வரிசை எண் 17, தீர்ப்பு. அப்பா வெள்ளை வேட்டியை எடுத்து வைத்துவிட்டு, கரை இருக்கிறதா என்று இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். காலை 9 மணிக்கு ஆட்டோ சொல்லியாச்சு.