குட்டியின் மெல்ட்டவுன்: டேகேர் நாட்குறிப்பு

ஜூலை 8

மதியம் சாப்பாடு முடிகிற நேரத்தில் குட்டிக்கு மறுபடியும் மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் உடைந்துபோவது. நான்கு வயது, ஆட்டிசம் உள்ள பையன். (குட்டி என்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.) நீல டம்ளருக்குப் பதில் பச்சை டம்ளரில் தண்ணீர் வந்தது. தட்டிவிட்டான், கீழே விழுந்தான், தலையைத் தரையில் மோத ஆரம்பித்தான். உதவிக்கு இருக்கும் அக்கா ஓடிப்போய் நீல டம்ளரை எடுத்து வந்து காட்டினார். அவன் அதைப் பார்க்கவே இல்லை.

அடம் பிடிக்கிற பிள்ளை, கேட்டது கைக்கு வந்தால் நிறுத்திவிடும். நடுவில் நாம் கவனிக்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். குட்டியோ யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. 'காரணம்: டம்ளர்' என்று பதிவேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 9

அழைத்துப் போக வந்த அம்மா கண் கலங்கிவிட்டார். "நான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க மிஸ்." இல்லவே இல்லை என்றேன். 1950, 60-களில் மருத்துவர்களிலேயே பலர் தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று நம்பினார்கள். அது தவறென்று தெளிவாகிப் பல காலம் ஆகிறது. அன்றைக்குப் பாசம் குறைவு, இன்றைக்குச் செல்லம் அதிகம். பழி மட்டும் அம்மாக்களை விடுவதாக இல்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஜூலை 11

வெடிக்கும் நேரத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய மணி நேரங்களைக் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

காலையில் மழை, அதனால் வெளியே விளையாட்டு இல்லை. புதிதாகச் சேர்ந்த குழந்தை விடாமல் அழுதது. கைதட்டிப் பாடும் பாட்டின்போது குட்டி தோளை உயர்த்திக் காதோடு அழுத்திக்கொண்டான். அப்புறம் வாயை மூடியபடி 'ம்ம்ம்' என்று ஒரு ராகம். சுவரோரமாக நுனிக்காலில் நடந்தான். நாற்காலிகளை இழுக்கும் சத்தம் வரவர அந்த 'ம்ம்ம்' மேலே மேலே ஏறியது. கூப்பிட்டால் திரும்புகிறவன், திரும்பவில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. சாப்பாட்டு அறைக்குள் தட்டுகள் மோதும் ஓசை கேட்டதும் விழுந்துவிட்டான். பார்க்கிறவர்களுக்கு அது 'திடீரென்று'. அவனோ காலையிலிருந்தே ஒவ்வொன்றாகத் தாங்கிக்கொண்டிருந்தான்.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே உரத்த சத்தத்துக்கு அஞ்சுவதும், வழக்கம் மாறினால் தவிப்பதும் வருகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில், 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்தது. எத்தனை பிள்ளைகள் அதற்குள் காதைப் பொத்திக்கொண்டே வளர்ந்திருப்பார்கள்!

ஜூலை 16

இன்றும் வந்தது. மற்ற குழந்தைகளை அக்கா அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். விளக்கை அணைத்தேன், தலைக்கடியில் தலையணையைத் தள்ளினேன், எதிரே உட்காராமல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கையைப் பிடித்து அடக்கினால் பயம்தான் கூடும். "என்னடா ஆச்சு, ஏன்டா இப்படி" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் இன்னொரு சத்தம். "நான் இருக்கேன்" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அடங்கியதும் தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனான்.

"இப்படி விட்டா பழகிடும் மிஸ், கொஞ்சம் அதட்டணும்" என்றார் உடன் வேலை செய்பவர். தன்னை அடக்கிக்கொள்ளும் சக்தியே தீர்ந்துபோன நேரத்தில் அதட்டல் எதைக் கற்றுக்கொடுக்கும்? அமைதியான நேரத்தில்தான் ஏதாவது கற்றுத்தர முடியும்.

ஜூலை 17

இரண்டு நாளாக அவனுக்கு மலம் போகவில்லையாம், அம்மா சொன்னார். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மலச்சிக்கல், காதுவலி, தூக்கக் குறைவு எதுவும் அன்றைய தாங்கும் சக்தியைக் குறைத்துவிடும். இனி தினமும் வாசலிலேயே கேட்டுவிடுவேன்.

ஜூலை 23

நாற்காலிக் கால்களுக்குத் துணி உறை போட்டாயிற்று. மற்றவர்களுக்கு முன்பே அவனுக்குச் சாப்பாடு. 'இப்போது', 'அடுத்து' என்று இரண்டு படங்கள் அவன் கண்மட்டத்தில். சத்தம் குறைக்கும் காதுறை அவனுக்கு எட்டும் கொக்கியில்.

மெல்ட்டவுன் வராத நாளுக்கு நட்சத்திரம் ஒட்டிப் பரிசு கொடுக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. விரும்பிச் செய்யாத ஒன்றுக்கு நட்சத்திரத்தை இழப்பது தண்டனைதான்.

பாட்டு நேரத்தில் குட்டி தானே போய்க் காதுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்தான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

ஜூலை 30

பிறந்தநாள் பலூன் ஒன்று வெடித்ததில் இன்று மறுபடியும் மெல்ட்டவுன். எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. ஆனால் சீக்கிரம் தேறிவிட்டான்.

இங்கே ஒன்றும் நடக்காத நாளில்கூட வீட்டு வாசலை மிதித்ததும் உடைந்துவிடுகிறானாம். பகல் முழுக்க அடக்கி வைத்தது வீட்டில்தான் வெளியே வருகிறது. வந்ததும் கேள்வி கேட்காமல் அரை மணி நேரம் இருட்டான அறையில் விட்டுப்பாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் நான் விடுப்பு. எனக்குப் பதில் வருகிறவருக்கு ஒரு தாள் எழுதி வைத்தேன். முதல் வரி: 'ம்ம்ம்' சத்தம் ஏறினால் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு அவனை வராந்தாவுக்கு அழைத்துப் போங்கள்.