அரிசிம்பருப்பும் ஏழு வெங்காயமும்

நேத்து சாயங்காலம் கோபிச்செட்டிபாளையத்துல மழை ஆரம்பிச்சதும் கரண்ட் போயிருச்சு, பெரியவளுக்கு 5 வயசு சின்னவனுக்கு 2, ரெண்டும் என் சேலையப் புடிச்சுட்டே அடுப்படிக்குள்ள வந்துட்டாங்க. சரி அரிசிம்பருப்பு பண்ணலாம்னு 1 டம்ளர் அரிசிக்கு கால் டம்ளர் துவரம்பருப்பு அளந்து ஊறப்போட்டேன், பெரியவ சின்ன வெங்காயம் நானே உரிக்கறேன்னு ஒரே அடம், கண்ணுல தண்ணியாக் கொட்டுது ஆனா விடமாட்டேங்கறா.

"எந்திரி சாமி, நான் உரிச்சுக்கறேன்"னாங்க அத்தை.

"இல்லீங்க அப்பத்தா, நானேதான்."

7 வெங்காயம், அரை மணி நேரம்! பூண்டு, சீரகம், வரமொளகா தாளிச்சு கடைசியா தேங்கா. இதுக்கு மேல நெய் ஊத்தியே ஆகோணும்ங்க, அதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். சின்னவன் தட்டுல பாதி, தரையில பாதி. பெரியவ ஒவ்வொரு வாய்க்கும் "இது என்ற வெங்காயம்"னு சொல்லிச் சொல்லி சாப்ட்டா.