மடியில் வந்த கண்ணாடி

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் விசைப்படகுகளின் ஓரத்தில் ஒரு குவியல் மிஞ்சும். கோழித்தீவனத்துக்குப் போகிற கழிவு மீன். நசுங்கிய நண்டு, பொடிமீன், சிப்பி, சேறு எல்லாம் கலந்து கிடக்கும். பதினோரு வருடமாக என் வேலை அந்தக் குவியலில்தான் தொடங்குகிறது. ஆழ்கடல் பவளங்களும், ஸ்பாஞ்ச் எனப்படும் கடற்பஞ்சு விலங்குகளும் என் ஆராய்ச்சி. அவற்றை இருக்கிற இடத்திலேயே போய்ப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை அமையவில்லை. இழுவைமடியில், அதாவது படகு கடலடியில் இழுத்துவரும் பை வலையில், சிக்கி மேலே வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

பவளம் என்றதும் நமக்கு மன்னார் வளைகுடா ஞாபகம் வரும். அங்கே கடல் ஆழமில்லை, வெயில் அடிவரை இறங்கும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் அந்த வெயிலில் அதற்குச் சோறு ஆக்கிப் போடும். 200 மீட்டருக்குக் கீழே அந்தச் சமையல் நடக்காது. அங்குள்ள பவளம், நீரோட்டத்தில் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்று மெல்ல மெல்ல வளர்கிறது. ஹவாய்க் கடலில் எடுத்த ஒரு கருப்புப் பவளத்தின் வயதைக் கார்பன் முறையில் கணக்கிட்டார்கள். சுமார் 4,265 ஆண்டு. 2009-இல் அது வெளியானது. அதைப் படித்த பிறகு, குவியலில் ஒரு ஒடிந்த கிளையைப் பார்த்தால் உடனே எடுக்கக் கை வருவதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

என் மனம் அதிகம் ஒட்டியது பஞ்சுகளோடுதான். ஒரு நாள் படகு டிரைவர் அண்ணன் ஒருவர் எதையோ கையில் பிடித்தபடி வந்தார்.

"இன்னா பாப்பா இது? தங்கூசி நரம்பு மாதிரி இருக்குது, வளைச்சா பட்டுனு ஒடையுது."

முழங்கை நீளம். கயிறு திரித்தது போல முறுக்கிய நரம்புக் கற்றை. ஒரு முனையில் சேறு, மறுமுனையில் கிழிந்த பஞ்சுச் சதை. நடுவில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக வேறு ஓர் உயிரினத்தின் கூட்டம் அதைச் சுற்றிப் படர்ந்திருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு இழையும் மின்னியது. ஹயலோனீமா என்ற கண்ணாடிப் பஞ்சு. பவளத்துக்கு ஒட்டிக்கொள்ளப் பெரும்பாலும் கெட்டியான தரை வேண்டும்; வங்கக் கடலின் அடியிலோ ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேறுதான் அதிகம். இந்தப் பஞ்சு அந்தச் சேற்றிலேயே இழைகளை ஊன்றி நிற்கிறது. கடல் நீரில் கரைந்துள்ள, கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவை எடுத்து, உலை இல்லாமல், அந்தக் குளிரிலேயே கண்ணாடி நூற்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது பழகவில்லை.

அந்த முதல் வருடம் நான் செய்த பிழை ஒன்று உண்டு. மாதிரிகளை ஸ்பிரிட்டில் போட்டு, எங்கே, எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் கிடைத்தது என்று பேனாவில் எழுதிய சீட்டையும் உள்ளே போட்டு மூடினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் சீட்டெல்லாம் வெள்ளை. மஞ்சள் பஞ்சும் கஞ்சி நிறமாகியிருந்தது. முப்பது பாட்டிலுக்கு மேல். 1888 தொடங்கிச் சில ஆண்டுகள் இன்வெஸ்டிகேட்டர் என்ற கடல் அளவைக் கப்பலில் மருத்துவராக இருந்த ஆல்காக் இந்தக் கடல்களில் சேகரித்தவை இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. இடமும் ஆழமும் கூடவே எழுதப்பட்டிருப்பதால்தான். என்னுடையவை வெறும் துண்டுகளாகிவிட்டன. அன்றிலிருந்து பென்சில் மட்டும்தான்.

அப்புறம் அந்த அண்ணனிடமே போய் உட்கார்ந்தேன். எந்தப் பயணத்தில் மடி கிழிந்தது, எங்கே சேறு, எங்கே பார் (பாறைத் தரை) என்று அவருக்குத் தேதியோடு ஞாபகம் இருந்தது. ஒன்பது பாட்டில்களுக்கு ஊர் கிடைத்தது. பேச்சோடு பேச்சாக ஜிபிஎஸ் கருவியைக் காட்டினார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் குறிகள்.

"இதெல்லாம் மடி புடிக்கிற எடம். கிட்ட போவமாட்டோம். போனா வலை போச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மடியைப் பிடிக்கும் அளவுக்குக் கெட்டியான தரை என்றால், பவளம் ஒட்டி வளரவும் அங்கே இடம் இருக்கும். நாங்கள் தேடும் வரைபடத்தின் ஒரு பகுதி, வலை கிழிந்த நஷ்டத்தில் வரையப்பட்டு அந்தப் படகிலேயே இருக்கிறது.

குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கருப்புப் பவளமும் கடல் விசிறி என்ற பவள வகையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. தெரியாமல் வலையில் வந்தாலும் கேஸ் ஆகுமோ என்ற பயம் துறைமுகத்தில் எல்லோருக்கும் உண்டு. "இத நீ எழுதினா அந்தப் பக்கமே வலை போடக்கூடாதுன்னு மூடிட்டாங்கன்னா?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த இடங்கள் காப்பாற்றப்பட வேண்டும் என்று முழுமனதோடு நம்புகிறேன். இத்தனை நாள் அவற்றை விட்டு விலகிப்போனவர்கள் இவர்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் எதையும் வெளியிடமாட்டேன் என்று சொன்னேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, ஐஸ் வாங்கிய ரசீதைத் திருப்பி, என் பென்சிலைக் கேட்டு வாங்கி மூன்று இடங்களை எழுதிக் கொடுத்தார். ரசீது என் நோட்டில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. படகுகள் கிளம்புவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், சங்கத்து ஆட்களையும் கூட வைத்துக்கொண்டு பேச வேண்டும்.