பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால்

வேலூர் வெயிலில் எந்தக் குழந்தைதான் வியர்க்காது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஃபேனுக்கடியில் கிடக்கும் கைக்குழந்தைக்குப் பால் குடிக்கிற நேரத்தில் மட்டும் நெற்றி முத்து முத்தாக வியர்த்தால், அதை வெயில் கணக்கில் எழுதாதீர்கள். அதன் வயதுக்குப் பால் குடிப்பது மாடிப்படி ஏறுகிற வேலை. இதயம் திணறினால் நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடும். எடையும் ஏறாது.

தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். சிசுவின் மூச்சு சீராக வராது. 2 மாதத்துக்குள் 60, அதற்குமேல் ஒரு வயதுவரை 50 தொட்டால் அன்றே காட்ட வேண்டும்.

“பிறந்தப்போ டாக்டர் ஒண்ணும் இல்லேன்னாரே” என்று பல வீட்டில் ஆதங்கப்படுவார்கள். பெரும்பாலும் டாக்டர் மேல் தப்பில்லை. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகம், அதனால் இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தாலும் ரத்தம் அதிகம் பாயாது, சத்தமும் கேட்காது. சில வாரத்தில் அழுத்தம் இறங்கியதும் நுரையீரலுக்குள் ரத்தம் கொட்டும். அதனால்தான் ஒன்றரை மாதத் தடுப்பூசி சமயத்தில் மூச்சு வாங்கல் தெரிய வருகிறது.

பிறந்து 24 மணி நேரம் ஆனதும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கப் போடும் கிளிப்பும் இந்த ஓட்டையைக் காட்டாது. அது நீலம் பாயும் வகை நோய்களுக்கானது. வலது கையிலும் ஒரு காலிலும் பார்க்க வேண்டும்; இரண்டிலும் 95 சதவீதம் அல்லது மேலே, வித்தியாசம் 3க்குள் இருந்தால் சரி. 90க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. கால் சில்லிட்டிருந்தாலோ குழந்தை உதைத்துக்கொண்டிருந்தாலோ அளவு பொய்யாக வரும். காலைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

1961லேயே சிஎம்சியில் இதயத்தைத் திறந்து அறுவை செய்த ஊர் இது. இங்கேயும் “வளர்ந்தா மூடிக்கும்” என்று சொல்லி நாள் கடத்துகிறவர்கள் உண்டு. சின்ன ஓட்டைகள் பல தானாக மூடும், உண்மை. பெரியதை விட்டுவைத்தால் நுரையீரல் குழாய்கள் இறுகிவிடும். அப்புறம் ஓட்டையை அடைப்பதே ஆபத்து. எது தானாக மூடும், எது மூடாது என்று எக்கோ எனும் இதய ஸ்கேனில் பிரித்துச் சொல்லத்தான் எம்பிபிஎஸ், 3 ஆண்டு எம்டி, அதற்குமேல் இதயப் பயிற்சி என்று படித்த குழந்தை இதய மருத்துவர் வேண்டும். பெரியவர்களைப் பார்த்துப் பழகிய கைக்கு மூன்று கிலோ குழந்தையின் இதயம் பிடிபடுவது கஷ்டம்.

அறுவைக்கு முன் நீர் பிரியும் சொட்டு மருந்து தருவார்கள். அளவு எடைக்கு ஏற்றது, அதனால் ஒவ்வொரு தடவையும் எடை பார்த்து மாற்றுவார்கள். பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். 0.5 மிலி என்று எழுதியதை 5 மிலி என்று படித்தால் பத்து மடங்கு. பாலாடையும் ஸ்பூனும் வேண்டாம், 1 மிலி சிரிஞ்சில் எடுங்கள். இதயத் துடிப்புக்கு வலுக்கொடுக்கும் டிகாக்ஸின் மருந்தும் தந்திருந்தால், கொடுத்ததும் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்காதீர்கள், அடுத்த வேளை வழக்கம்போல.