நாயுடுபுரத்துச் சுருட்டுப் பெட்டி: எட்டு மாதக் குறிப்பு

சென்ற ஜூன் மாதம் தாய்மாமா திருச்சியிலிருந்து கொடைக்கானல் வந்தபோது உறையூர்ச் சுருட்டு இரண்டு கட்டு கொண்டுவந்தார். கட்டுக்கு 25. வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறி லண்டன் வரைக்கும் போன சரக்கு இது. இலைக்குப் பேர்போன ஊரும் நமக்குத் தூரமில்லை. மலையிறங்கித் திண்டுக்கல்லைத் தாண்டினால் வேடசந்தூர். சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அதே மாதம் துபாயிலிருந்து வந்த தம்பி நிகரகுவா சுருட்டு பத்து கொடுத்தான். ஆக மொத்தம் 60. நான் வாரத்துக்கு ஒன்று பிடிப்பவன். ஒரு வருஷத்துக்கு மேல் இவற்றைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும்.

மாமா நாற்பது வருஷமாகத் தகர டப்பாவில் ஒரு வெற்றிலையை மடித்துப் போட்டு வைப்பவர். "காஞ்சு போச்சுன்னா ஒரு வெத்தல போடு மாப்ளே, அவ்வளவுதான்" என்றார். திருச்சி வெயிலுக்கு அது சரி. அங்கே சுருட்டுக்கு எதிரி வறட்சி. நாயுடுபுரத்தில் ஜூன் முதல் டிசம்பர் வரை மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும். அப்பளம் பொரித்த அரைமணியில் நமுத்துப்போகும். இங்கே ஈரம் கொடுக்கும் சாதனத்தைவிட ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சாதனம்தான் முக்கியம். இது எனக்குப் புரிய மூன்று மாதமும் ஏழு சுருட்டும் செலவாயின.

முதலில் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சமவெளியிலிருந்து வரும் சுருட்டில் புகையிலை வண்டின் முட்டை இருக்கலாம். கொடைக்கானல் குளிரில் அது பொரித்துப் பெருகுவது கடினம் என்றாலும், சமையலறைச் சூட்டை நம்ப முடியாது. அதனால் எல்லாவற்றையும் காற்றுப் புகாத பைகளில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம்தான் வெளியே எடுத்தேன். நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும். இன்றுவரை ஒரு சுருட்டில்கூட ஓட்டை விழவில்லை.

ஜூலையில் பெட்டி தயார். நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ரப்பர் வளையம். பூங்கொத்து செருகும் பச்சை நுரைக்கட்டியில் ஒரு துண்டு வெட்டி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, சோப்பு டப்பாவில் வைத்து உள்ளே விட்டேன். ஈரப்பதமானி வாங்கவில்லை, விரலால் அழுத்திப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் மூடியைத் திறந்ததும் பழைய சாக்கு வாடை அடித்தது. ஏழு சுருட்டின் வெட்டு முனையில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். சுருண்ட இலைகளின் இடுக்கில் பஞ்சு போல எழுந்து, நடுவில் நீலப்பச்சை பூத்திருந்தது. முனைக்குள் பூஞ்சணம் இறங்கிவிட்டால் துடைத்துப் பயனில்லை. ஏழையும் எறிந்தேன். மாமா கொண்டுவந்ததை எறிகிறோமே என்று அன்று முழுக்க மனசு சரியில்லை.

அடுத்து எதிர்த்திசையில் ஓடினேன். அரைக் கிலோ சிலிக்கா ஜெல் வாங்கித் துணிமுடிச்சாகக் கட்டி உள்ளே போட்டேன். பத்து நாளில் நிகரகுவா சுருட்டு ஒன்றின் மேலிலை, எடுக்கும்போதே சருகுச் சத்தத்தோடு நீளவாக்கில் பிளந்தது. சாதாரண சிலிக்கா ஜெல் பருப்பு டப்பாவுக்கும் கேமராவுக்கும் ஏற்றது. சுருட்டுக்கு வேண்டிய 65, 70 சதவீத ஈரப்பதத்தில் அது நிற்காது, இன்னும் கீழே இழுத்துக்கொண்டே போகும்.

அதன் பிறகுதான் ஈரப்பதமானி வாங்கினேன், இரண்டு. ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏழு சதவீதம் வித்தியாசம் காட்டின. எதை நம்புவது? இதற்குச் சமையல் உப்பே போதும். பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, ஈரமணல் பதத்துக்கு வரும் வரை சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானிகளையும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து இரவு முழுக்க விட்டால் உள்ளே 75 சதவீதம் நிற்கும். மலையானாலும் கடற்கரையானாலும் அதே 75. காலையில் ஒன்று 71 காட்டியது, மற்றது 78. முதலாவதில் நான்கு கூட்டு, இரண்டாவதில் மூன்று கழி என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினேன்.

அந்த உப்பு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கரையாத உப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்திருக்கும் வரை, காற்றில் ஈரம் கூடினால் அந்தக் கூழ் அதை வாங்கிக் கொஞ்சம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். காற்று காய்ந்தால் தண்ணீரை விட்டுவிட்டுத் திரும்பப் படிகமாகும். இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. இந்த மலைக்கு வேண்டியது இதுதானே! ஆனால் சமையல் உப்பின் 75 சுருட்டுக்கு அதிகம். பொட்டாசியம் அயோடைடு 70-ஐ ஒட்டி நிற்கும், ஆனால் விலையும் அதிகம், வெளிச்சத்தில் மஞ்சளாகவும் மாறும். தவிர, திறந்த கிண்ணத்தில் வைத்த உப்பு விளிம்பேறி வெளியே படரும். என் மூடியிலேயே ஒரு வாரத்தில் வெள்ளைக் கோடு ஏறி வழிந்திருந்தது.

நடுவில் புரோபிலீன் கிளைக்கால் என்ற திரவத்தையும் முயன்றேன். தண்ணீரோடு சரிபாதி கலந்தால் 70 சதவீதத்தை ஒட்டி நிற்கும் என்பார்கள். பூஞ்சணம் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அக்டோபர் மழையில் ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் புகுந்த ஈரத்தை அது குடித்து நீர்த்துப்போனது. நீர்த்த கலவை முன்பைவிட உயரத்தில் போய் நிற்கும். மூன்று வாரத்தில் 76. வறண்ட ஊர்க்காரர்களுக்கு அது நல்ல முறை, எனக்கு ஒத்துவரவில்லை.

நவம்பரில் போவேடா என்ற கம்பெனியின் ஈரப்பதப் பைக்கு வந்தேன். உள்ளே இருப்பது அதே உப்புக் கூழ் தத்துவம்தான். ஆவி மட்டும் போய்வரும், தண்ணீர் கசியாத உறையில் அடைத்திருக்கிறார்கள். 65, 69, 72 என்று எண் பார்த்து வாங்கலாம். நாட்டுச் சுருட்டு கொஞ்சம் உலர்வாக இருந்தால்தான் சீராக எரிகிறது என்று எனக்குத் தோன்றியதால் 65 எடுத்தேன். 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று கணக்கு, நான் மூன்று போட்டேன். ஒரு வாரம் விடாமல் மழை பெய்து, வெளியே மானி 94 காட்டிய நாளில் பெட்டிக்குள் 66. தட்டையாக இருந்த பைகள் ஈரம் வாங்கி உப்பலாகியிருந்தன.

இத்தோடு முடிந்தது என்றிருந்தேன். ஜனவரி வேறு கணக்கு வைத்திருந்தது. வெளியே புல்லில் உறைபனி, ராத்திரி வீட்டில் கணப்பு மூட்டுகிறோம். 10 டிகிரியில் 95 சதவீதம் ஈரமாக இருக்கும் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் பாதியாகக் குறைந்து 50-க்கு வந்துவிடும். காற்றில் இருக்கும் தண்ணீர் அதேதான், சூடான காற்றுக்குத் தாங்கும் சக்தி கூடுகிறது. கணப்பு அணைந்து விடியற்காலை ஆனால் தலைகீழ். 20 டிகிரியில் 65 சதவீதம் உள்ள காற்று, 13 டிகிரி அளவில் குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும். பெட்டி ஜன்னலோரம் இருந்தது. ஒரு நாள் காலை மூடியின் உள்பக்கம் கடுகளவு நீர்த்துளிகள் வரிசையாக நின்றன, ஒன்று உருண்டு ஒரு சுருட்டின் மேல் விழுந்து கறுப்புப் புள்ளி போட்டிருந்தது.

ஈரத்துக்கு எந்தப் பையைப் போட்டாலும், சூடு இப்படி ஏறி இறங்கினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. எனவே பெட்டியை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, அதை உள்ளறைச் சுவரோரம் மர அலமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். கணப்புக்கும் ஜன்னலுக்கும் தூரமான இடம். அதற்குப் பிறகு பெட்டிக்குள் சூடு 14-க்கும் 17-க்கும் நடுவிலேயே நிற்கிறது. ஈரம் 64-இலிருந்து 66. மூடி வியர்ப்பது நின்றுவிட்டது.

பொங்கலுக்கு வந்த மாமா ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார். பற்றவைத்து, பாதி வரை பேசவில்லை. சாம்பல் சுண்டுவிரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. "ஊர்ல என்கிட்ட இருக்கறதைவிட இது பதமா இருக்குடா மாப்ளே" என்றார். போகும்போது அவர் தகர டப்பாவுக்கும் ஒரு பை வாங்கித் தரச் சொன்னார்.

இப்போது தச்சு வேலை நடக்கிறது. வெளிநாட்டில் சுருட்டுப் பெட்டிக்குப் போடும் ஸ்பானிஷ் சீடர் மரம் வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய சொந்தம். "வாசனை லேசா இருக்கும், பூச்சி அண்டாது, பாலிஷ் மட்டும் உள்பக்கம் போட்டுறாதீங்க அண்ணே" என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். "போடல தம்பி, ஆனா பலகை இன்னும் காயணும்" என்று தள்ளிவைத்திருக்கிறார். பெட்டி வந்ததும் சுருட்டை வைக்க முடியாது. காய்ந்த மரமே முதலில் ஈரத்தைக் குடிக்கும் என்பதால், 84 சதவீதப் பையை உள்ளே போட்டு இரண்டு வாரம் சும்மா மூடி வைக்க வேண்டும். அந்தப் பை வாங்கி அலமாரியில் இருக்கிறது.