எந்த நாளில் இருந்து எண்ணுவது?

பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முதல் 'லைஃப் இன் த யூகே' என்ற பரீட்சையைத் தாண்ட வேண்டும். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரிவந்தால் பாஸ். கட்டணம் 50 பவுண். காலையில் பள்ளிக்கூடம் வெளிக்கிடுகிற அவசரத்திலும் ஒரு காலில் சப்பாத்தோடு நின்று மகள் என்னிடம் கேள்வி கேட்பாள். ஆறு கலியாணம் கட்டிய எட்டாம் ஹென்றி மன்னர் சுலபமாக மனதில் நின்றுவிட்டார். நான் தடக்கி விழுந்தது சார்ள்ஸ்களில்.

முதலாம் சார்ள்ஸை 1649 ஜனவரி 30இல் வைட்ஹோலில் வைத்துத் தலையை வெட்டினார்கள். பிறகு நாடு குடியரசு. படைத்தளபதி ஒலிவர் குரொம்வெல் ஆண்டார். 1657இல் முடியைக் கொடுத்தபோதும் வேண்டாம் என்றார். அடுத்த வருடம் செத்துப்போனார். மகன் ரிச்சர்டுக்குப் படையும் அடங்கவில்லை, பாராளுமன்றமும் அடங்கவில்லை. ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் இறங்கினார். 1660 மே 29, தன்னுடைய முப்பதாவது பிறந்தநாளில், வெட்டுப்பட்டவரின் மகன் இரண்டாம் சார்ள்ஸ் லண்டனுக்குள் வந்தார். பரீட்சைக்கு இவ்வளவு போதும். எனக்குத்தான் போதவில்லை.

ஏனென்றால் அந்த மனிதர் எங்களில் ஒருத்தர். 1651இல் வூஸ்டர் சண்டையில் தோற்று ஓடி, பொஸ்கோபெல்லில் ஒரு ஓக் மரத்தின்மேல் பகல் முழுக்க ஒளிந்திருந்திருக்கிறார். கீழே குரொம்வெல்லின் ஆமிக்காரர் தேடித் திரிந்திருக்கிறார்கள். பிறகு வேலைக்காரன் வேசம் போட்டு ஊர் ஊராக மறைந்து போய், படகேறிப் பிரான்ஸ். அங்கிருந்து கொலோன், புரூஜ் என்று கடன்பட்டு அலைச்சல். திரும்பி வர ஒன்பது வருடம்.

"அப்பா, அப்ப கிங்கும் ரெஃப்யூஜியோ?"

"ஓம், பிள்ளை."

ஆனால் வந்து சேர்ந்த பிறகு அவருக்கு நடந்தது வேறு. 1660இல் போட்ட சட்டங்களை இன்றைக்கும் இரண்டாம் சார்ள்ஸின் 12ஆம் ஆட்சியாண்டுச் சட்டங்கள் என்றுதான் குறிக்கிறார்கள். வந்து முதல் வருடம், அதெப்படி 12? தகப்பனின் தலை விழுந்த அன்றே மகனுடைய ஆட்சி தொடங்கிவிட்டதாம். குடியரசு என்று ஒன்று நடக்கவேயில்லை. மரத்தில் குந்தியிருந்த பகலும் ஆட்சிதான், புரூஜில் பட்ட கடனும் ஆட்சிதான்.

என் கணக்கை ஒரு வழக்கறிஞர் விரல்விட்டுக் காட்டினார். நிரந்தர வதிவிடத்துக்கு அப்போது வேண்டியிருந்த ஐந்து வருடத்தை அகதி அந்தஸ்து கிடைத்த தேதியிலிருந்துதான் எண்ணலாம் என்றார். அதற்கு முன்னால் ஏழு வருடம் வழக்கு இழுபட்டது. வேலை செய்ய விடவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கையெழுத்து வைத்தேன். கடிதம் வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்தே கிடந்தேன். அந்த ஏழும் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. அரசனுக்கு ஒரு எண்ணல், எனக்கு ஒரு எண்ணல்.

அந்தஸ்து கிடைத்த பிறகு சாரிங் குரொஸ் பக்கம் ஒரு உணவகத்தில் வேலை. இரவு பஸ்ஸுக்காக நிற்கிற இடத்தில் குதிரைமேல் ஒரு வெண்கல ஆள். சாப்பாட்டுப் பையை அந்தக் கம்பி வேலியில் சாய்த்துவைத்து எத்தனை இரவு நின்றிருப்பேன்! வெட்டுப்பட்ட முதலாம் சார்ள்ஸ்தான் அது என்று புத்தகம் எடுத்த பிறகுதான் விளங்கியது. தான் செத்த வைட்ஹோலைப் பார்த்தபடி இருக்கிறார். லண்டனுக்கு எத்தனை மைல் என்று அளக்கும்போது அந்த இடத்தில் இருந்துதான் அளக்கிறார்கள்.

திரும்பி வந்த அரசாங்கம் ஒரு மறதிச் சட்டமும் போட்டது. நடந்ததை மறப்போம், பெரும்பாலானோருக்கு மன்னிப்பு. அரசனைக் கொன்றவர்களுக்கு மட்டும் இல்லை. அவர்களில் பலரை அதே சாரிங் குரொஸில் வைத்துக் கொன்றார்கள். குரொம்வெல் ஏற்கெனவே இறந்தவர். அவருடைய உடலைக் கல்லறையில் இருந்து தோண்டியெடுத்து, 1661 ஜனவரி 30இல், அந்த அதே தேதியில், டைபேனில் தூக்கில் போட்டார்கள். தலையைக் கம்பத்தில் குத்தி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின்மேல் வைத்தார்கள்.

"செத்தவரை என்னத்துக்குத் தூக்கினவை?" மகள் மற்றச் சப்பாத்தைப் போடாமலே நின்றாள். கல்லறைகளை உடைத்த நாட்டில் இருந்து வந்தவன் அதற்கு என்ன பதில் சொல்ல? பஸ் போகப்போகுது, ஓடு என்றேன். இன்றைக்கு அந்த மண்டபத்து வாசலில் குரொம்வெல்லுக்கும் சிலை இருக்கிறது. 1899இல் வைத்தது.

பரீட்சையில் சார்ள்ஸ் ஒருத்தரும் வரவில்லை.

குடியுரிமை விழா நகரசபை மண்டபத்தில். சுவரில் மன்னர் படம். மூன்றாம் சார்ள்ஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று எல்லோரும் எழுந்து நின்று சொன்னோம். பக்கத்துக் கதிரைப் பெண்மணி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. முதலாமவர், இரண்டாமவர், இவர் மூன்றாமவர் என்று மனம் பாடமாக்கிக்கொண்டிருந்தது.

இரவு ஊருக்கு ஃபோன் எடுத்தேன். அப்பா பிறந்தபோது இலங்கைச் சதத்தில் ஜோர்ஜ் மன்னரின் தலை. 1972 மே 22இல் எலிசபெத் மகாராணியின் முடியை விட்டு நாடு குடியரசானபோது அவர் இளந்தாரி. நான் அதற்குப் பிறகு பிறந்தவன், முடியே தெரியாதவன். சத்தியம் செய்த விசயத்தைச் சொன்னேன்.

"ஆருக்கு?"

"சார்ள்ஸ் மன்னருக்கு, அப்பா."

கொஞ்ச நேரம் இருமினார். "எங்களைத் தாய்க்காரி 72இல விட்டவா. மகன் உன்னைப் பிடிச்சிட்டார். சரி, அங்கை இப்ப என்ன நேரம்? சாப்பிட்டியே?"